கடல்மேல் எண்ணெய்: மீனுக்கும் பறவைக்கும் நேர்வது என்ன?



நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்பவர்களுக்குக் கடலே வயல், கடலே வீதி. அரிசியும் சீமெந்தும் நோயாளியும் திருமணப் பெண்ணும் அதன்மேல்தான் போய்வர வேண்டும். இன்று அந்த வீதியில் ஓடும் படகுகள் யாவும் எண்ணெயினால் ஓடுகின்றன. மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல், இயந்திரத்துக்கு ஊற்றும் உராய்வு எண்ணெய் என்று எத்தனையோ வகை எண்ணெய்கள் நாள்தோறும் நமது கடலைக் கடந்து வருகின்றன. அவற்றில் சிறிதளவு கடலிலும் விழுகிறது. இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கும்போது நீரின்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் அசைவதைக் கண்டிராதவர் நம்மில் எவருமில்லை. அதைப் பார்க்கிறோம், படகு வந்ததும் ஏறிப் போய்விடுகிறோம்.

அந்தப் படலம் என்ன செய்கிறது? மீன் அதனால் சாகுமா? பறவைக்கு என்ன நேரும்? பெரிய கப்பலொன்று உடைந்தால் நமது தீவுகளின் கதி என்ன? இவற்றை ஒழுங்காக அறிந்துகொள்வது மீன்பிடிப்பவருக்கும், மீனை வாங்கி உண்பவருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.

1. எண்ணெய் தண்ணீரில் விழுந்தால்

எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, அதிற் கரையாதது. ஆதலால் மிதந்து பரவுகிறது. எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். வானவில் நிறம் காட்டும் படலத்தின் மிக மெல்லிய நிலையில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை மூவாயிரத்து முந்நூறு கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறளவே. அந்தத் தடிப்பில் ஒரு லீற்றர் எண்ணெய் 3,300 சதுர மீற்றர் நீரை மூடும். நமது அளவிற் சொன்னால் ஏறத்தாழ 13 பரப்புக் காணி. ஒரு போத்தல் எண்ணெய் என்று அலட்சியமாக ஊற்றுவது இத்தனை பரப்புக்குப் போதுமானது.

பரவியபின் எண்ணெய் ஒரே நிலையில் நிற்பதில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய் போன்ற இலேசான எண்ணெய்களின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிடும். ஆனால் ஆவியாகுமுன் நீரிற் கலக்கும் சிறு பகுதியே கடும் நஞ்சு. கப்பல்கள் எரிக்கும் உலை எண்ணெய் போன்ற தடித்த எண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. அலை அடிக்க அடிக்க அது கடல்நீரைத் தன்னுள் வாங்கித் தயிர்போலத் திரண்டு மூன்று நான்கு மடங்கு பருக்கும். பின்னர் தார் உருண்டைகளாகிக் கரையில் ஒதுங்கும். மணலோடும் சேற்றோடும் ஒட்டி அடியிலும் படியும். சுருங்கச் சொன்னால், இலேசான எண்ணெய் நஞ்சூட்டிக் கொல்லும். தடித்த எண்ணெய் மூடிக் கொல்லும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. நீரின்மேல் மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தோடு சேர்ந்து, காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் நகரும் என்பது கடலறிஞர் கையாளும் பொதுக் கணக்கு. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சோளகம் வீசினால் எண்ணெய் மணிக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகரும். குறிகட்டுவானில் சிந்தியது அரை நாளுக்குள் அயல்தீவின் கரையைத் தொட்டுவிடும்.

2. பறவைகளுக்கு நேர்வது

பறவையின் இறகு கிடுகு வேய்ந்த கூரை போன்றது. நடுத்தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன. அவ்விழைகளிலிருந்து நுண்ணிழைகள் பிரிகின்றன. நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கிகள் இருந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இந்தப் பின்னல் ஒழுங்காக இருக்கும்வரை தண்ணீர் உட்புகாது. உள்ளே தங்கிய காற்று உடற்சூட்டைக் காக்கும். பறவை மிதக்கவும் உதவும்.

எண்ணெய் பட்டதும் கொளுக்கிகள் ஒட்டிக் குலைந்துவிடுகின்றன. கிடுகு உக்கிய கூரையில் மழை புகுவதுபோல நீர் தோல்வரை புகுந்துவிடும். மிதக்க முடியாமல் பறவை தாழும், பறக்கவும் இயலாது. நமது வெப்பமான கடலிற்கூட நனைந்த உடம்பு சூட்டை இழந்து களைத்துப் போகும்.

இரண்டாவது கேடு பறவையின் நல்ல பழக்கத்தாலேயே வருகிறது. இறகு அழுக்கானால் அலகினாற் கோதிச் சுத்தஞ்செய்வது அதன் இயல்பு. எண்ணெய் படிந்த இறகைக் கோதக் கோத எண்ணெய் வயிற்றினுட் செல்கிறது. குடல் புண்ணாகும், ஈரலும் சிறுநீரகமும் பழுதுறும், இரத்தத்தின் செவ்வணுக்கள் சிதைந்து சோகை உண்டாகும். வெளியில் ஒரு கறைமாத்திரமே தெரியும் பறவை சில நாட்களின்பின் பற்றைக்குள் செத்துக் கிடப்பது இதனாலேயே.

மூன்றாவது கேடு அடுத்த தலைமுறைக்கு. அடைகாக்கும் பறவை தன் வயிற்றில் ஒட்டிய எண்ணெயை முட்டைமேல் பூசிவிடுகிறது. முட்டையோட்டின் நுண்துளைகள் வழியாக அது உட்சென்று கருவைத் தாக்குகிறது. ஒரு துளியிலும் குறைந்த அளவே கருவைக் கொல்லப் போதுமென ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்ப்பறவை பிழைத்தாலும் குஞ்சு பிறவாது.

எல்லாப் பறவைகளும் ஒரேயளவில் ஆபத்துக்கு உள்ளாவதில்லை. மூழ்கி மீன்பிடிக்கும் நீர்க்காகமும், நீரில் மிதக்கும் கூழைக்கடாவும், மேலிருந்து பாய்ந்து மீனைக் கொத்தும் ஆலாவும் எண்ணெயில் நேரே தோய்கின்றன. பூநாரையும் கொக்கும் உள்ளானும் ஆழமற்ற நீரிலும் சேற்றிலும் நடந்து இரைதேடுபவை; அவற்றுக்குச் சேற்றிற் படிந்த எண்ணெயும், எண்ணெயை உண்ட புழுவும் நண்டும் எமனாகும். மாரி தொடங்கும் காலத்தில் வட நாடுகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து நமது பரவைக்கடலுக்கு வரும் பறவைகள், வந்த களைப்புத் தீர உண்டு பலம்பெற வேண்டியவை. அவை இறங்கும் சேற்றுத் தரையைக் கெடுத்தால் அவற்றுக்கு மாற்றிடம் இல்லை.

3. மீன்களுக்கு நேர்வது

எண்ணெய் சிந்தினால் மீன்கள் செத்து மிதக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆழமான கடலில் வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் எண்ணெயைவிட்டு விலகி ஓடிவிடும். செத்த மீன் கண்ணிற் படாததால் கேடு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மீனுக்கு நேரும் கேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பருவத்திலேயே நேர்கிறது.

பல மீன்களின் முட்டைகளும் அப்போது பொரித்த குஞ்சுகளும் நீரின் மேற்பரப்பிலே மிதக்கின்றன. எண்ணெயும் மேற்பரப்பிலேயே மிதக்கிறது. முட்டையால் ஓட முடியாது. எண்ணெயிலுள்ள சில சேர்மங்கள் மிகக் குறைந்த அளவிலும் மீன்குஞ்சின் இதயத்தைத் தாக்குவதை அறிஞர் கண்டுபிடித்துள்ளனர். இதயம் கோணலாக வளரும். துடிப்பு ஒழுங்கு தவறும். தப்பிய குஞ்சும் வேகமாக நீந்த இயலாமல் பெரிய மீனுக்கு இரையாகும்.

1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி அலாஸ்காக் கரையில் எக்ஸ்சன் வால்டீஸ் என்னும் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 தொன் மசகெண்ணெயைச் சிந்தியது. இறந்த கடற்பறவைகள் இரண்டரை இலட்சம் வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டது. அங்கு பெருந்தொழிலாக இருந்த ஹெரிங் மீன்பிடி 1993இல் வீழ்ச்சியுற்றது. அதற்கு எண்ணெய் எவ்வளவு, நோய் எவ்வளவு காரணம் என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் மீன் திரும்பவில்லை என்பதில் வாதமில்லை. ஒரு நாளிற் சிந்தியதன் கணக்கைக் கடல் நான்கு ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம்.

வளர்ந்த மீனுக்கும் துன்பம் உண்டு. எண்ணெய்த் துளிகள் செவுளில் ஒட்டினால் மூச்சுத் திணறும். இரையோடு உட்சென்ற எண்ணெய் தசையில் நாற்றத்தை ஏற்றும். மண்ணெண்ணெய் மணக்கும் மீனை யார் வாங்குவார்? மீனுக்கு ஈரல் இருப்பதால், சுத்தமான நீரில் சில காலம் வாழ்ந்தால், அந்நஞ்சிற் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். மட்டியும் சிப்பியும் அவ்வாறு விரைவில் வெளியேற்ற மாட்டா. நீரை வடித்து உண்பவையாதலால் அவை எண்ணெயைச் சேர்த்தே வைத்திருக்கும். ஓரிடத்தில் எண்ணெய் சிந்தினால் அங்கு மட்டி பொறுக்குவதை நெடுநாள் தவிர்க்க வேண்டியது இதனாலேயே.

4. நமது கடல் ஏன் மென்மையானது?

ஆழ்கடலிற் சிந்திய எண்ணெயை அலை உடைத்து, பெருநீரிற் கலந்து ஐதாக்கிவிடும். தீவுகளுக்கிடையிலுள்ள நமது பரவைக்கடல் அப்படிப்பட்டதன்று. பல இடங்களில் முழங்காலளவு, இடுப்பளவு நீரே உண்டு. பாக்குநீரிணையை அடுத்த விரிகுடாவின் சராசரி ஆழமே ஏறத்தாழ 9 மீற்றர்தான். மேலே மிதப்பதற்கும் அடியில் வாழ்வதற்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. மீன் ஓடித் தப்பலாம் என்று மேலே சொன்னது ஆழமான கடலுக்கே பொருந்தும். களங்கண்டிக்குள்ளும் சிறகுவலைக்குள்ளும் அகப்பட்ட மீனுக்கு ஓட வழியேது?

இரண்டாவதாக, தீவுகளை இணைக்கும் தாம்போதிகள் நமக்குப் பெரும் வசதி தந்தன. ஆனால் அவை நீரோட்டத்தைக் குறுக்கிவிட்டன. அடைபட்ட மூலைகளில் விழுந்த எண்ணெய் வெளியேறாமல் அங்கேயே சுற்றும்.

மூன்றாவதாக, வெயில். எண்ணெயிலுள்ள சில நஞ்சுகள் மீன்குஞ்சின் கண்ணாடி போன்ற உடலில் ஏறியபின் சூரிய ஒளி பட்டால் பன்மடங்கு கொடுமையாகின்றன. தெளிந்த, ஆழமற்ற, வெயில் ஊடுருவும் நீரே நமது நீர்.

நான்காவதாக, அடித்தளத்தின் செல்வம். சாதாளை படர்ந்த தரையிலேதான் ஓராவும் ஒட்டியும் மேய்கின்றன. இறாலும் நீலக்கால் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. அருகிவரும் ஆவுளியாவுக்கும் அதுவே உணவு. கடலட்டை அடிமண்ணை விழுங்கி அதிலுள்ள சத்தை உண்டு வாழ்வது. மண்ணில் எண்ணெய் இருந்தால் அதையும் விழுங்கும். அண்மைய ஆண்டுகளில் தீவுப்பகுதியிற் பெருகியுள்ள அட்டைப் பண்ணைகளில் வேலிக்குள் அடைபட்ட அட்டை எங்கே போகும்?

ஐந்தாவதாக, கண்டல் மரங்கள். அவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே தலைநீட்டி மூச்சுவிடுபவை. எண்ணெய் அவ்வேரின் மூச்சுத் துளைகளை அடைத்தால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். 1986ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவின் பனாமா நாட்டில் சுத்திகரிப்பு நிலையத் தாங்கி ஒன்று உடைந்து எண்ணெய் கண்டற்காட்டினுட் புகுந்தது. மரங்கள் அழிந்தன, சேற்றிற் புதைந்த எண்ணெய் ஆண்டுக் கணக்காக ஒவ்வொரு மழைக்கும் மீண்டும் மீண்டும் கசிந்தது. மணற்கரையைக் கழுவலாம், சேற்றைக் கழுவ முடியாது.

5. நாம் அண்மையிற் கண்டவை

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று எண்ணாதீர்கள்.

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, நியூ டயமன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பாலான கடலில் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு அது ஏற்றிச் சென்றது 2,70,000 தொன் மசகெண்ணெய். மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கப்பலின் இயந்திர எண்ணெய் கடலிற் படர்ந்தது. நல்லகாலமாக மசகெண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. எக்ஸ்சன் வால்டீஸ் சிந்தியதைப்போல் ஏழு மடங்கு எண்ணெய் அதில் இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு நல்லகாலம் வாய்க்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக்கமிலம் முதலான இரசாயனங்களோடு, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் ஏற்றப்பட்டிருந்தன. அம்மணிகள் மேற்குக் கரையெங்கும் குவிந்தன. நானூறுக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. நீர்கொழும்பு முதல் தெற்கே பரந்த கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தீயைக் காணாத ஊர்களிலும் மக்கள் மீன் வாங்க அஞ்சினர். 2025 ஜூலையில் நமது உயர்நீதிமன்றம், கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

அக்கரையையும் பாருங்கள். 2017 ஜனவரி 28இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கரைக்கு வந்த தடித்த எண்ணெயை நூற்றுக்கணக்கானோர் வாளிகளால் அள்ளினர். 2023 டிசெம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. கப்பல் ஒன்றும் மோதாமலே வந்த எண்ணெய் அது. கூழைக்கடாக்கள் கறுத்த இறகோடு திரிந்தன. மீனவரின் படகும் வலையும் தாராயின. அதே ஆண்டு மார்ச் 2ஆம் திகதி இரவு நாகப்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரியில் கடலுக்குச் செல்லும் மசகெண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊர் மீனவர் கடலுக்குப் போவதை நிறுத்திக் குழாயையே அகற்றக் கோரிப் போராடினர். பட்டினச்சேரி நமக்கு வடக்கே, வங்காள விரிகுடாக் கரையில் உள்ள ஊர். வாடைக் காலத்தில் வங்காள விரிகுடா நீர் நமது நீரிணைக்குள் நுழைவதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

குடாநாட்டுக்குள்ளேயே சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததால், 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் தம் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சினர். உயர்நீதிமன்றம் 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பளித்தது. கிணற்றில் எண்ணெய் மிதந்தால் ஊர் கூடி வழக்காடுகிறோம். கடலில் மிதந்தால் யார் கேட்பது?

6. பெரிய கப்பலா, சிறு கசிவா?

பெரிய எண்ணெய்க் கப்பல்கள் நமது ஆழமற்ற நீரிணை வழியாகச் செல்வதில்லை. அவை இலங்கையைச் சுற்றித் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்கின்றன. நீரிணையை ஆழமாக்கிக் கப்பல்களை இவ்வழியே விடக் கருதிய சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கியது. ஆதாம் பாலப் பகுதி வேலை 2007இல் இந்திய உச்ச நீதிமன்ற ஆணையால் நின்றுபோயிற்று. ஆகவே தீவுப்பகுதிக்கு இன்று கப்பலால் வரும் ஆபத்து தென்கரையில் உள்ளதைவிடக் குறைவே.

உலகெங்கும் பெரிய கப்பல் விபத்துக்கள் குறைந்தும் விட்டன. 700 தொன்னுக்கு மேற்பட்ட கசிவுகள் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 24க்கு மேல் நேர்ந்தன. 2010களில் அச்சராசரி 2க்கும் குறைவு. இரட்டைச் சுவர்க் கப்பல்களும் கடுஞ்சட்டங்களும் அதைச் சாதித்தன. குறையாதது சிறு கசிவு. ஏனெனில் அதற்குப் பத்திரிகைச் செய்தியும் இல்லை, வழக்கும் இல்லை.

ஒரு கணக்கிடுவோம். நூறு படகுகள், ஒவ்வொன்றும் மாதத்துக்கு இரண்டு லீற்றர் கழிவெண்ணெயைக் கடலில் விடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,400 லீற்றர். முன்சொன்ன தடிப்பில் அது எட்டுச் சதுர கிலோமீற்றரை மூடும்: நெடுந்தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. இது விளங்குவதற்காகச் சொன்ன கணக்கே. உங்கள் துறையில் எத்தனை படகு, எத்தனை லீற்றர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். படகின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரை இறைத்து ஊற்றுவது, எண்ணெய் மாற்றும்போது பழையதைத் துறையிலே கவிழ்ப்பது, மண்ணெண்ணெய் நிரப்பும்போது வழியவிடுவது, பழைய இருவீச்சு இயந்திரங்கள் எரிபொருளின் ஒரு பகுதியை எரிக்காமலே நீரில் உமிழ்வது: இவையே நமது துறைகளின் வானவில்.

இதைச் சொல்வது தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவன்று. கழிவெண்ணெயைக் கொடுக்க இடமில்லாதவன் அதை எங்கே ஊற்றுவான்? இறங்குதுறையில் ஒரு பீப்பா வைப்பது சங்கத்தின் கடமை. அதை எடுத்துச் செல்ல ஒழுங்கு செய்வது அதிகாரிகளின் கடமை. அதில் ஊற்றுவது படகோட்டியின் கடமை. மூன்றில் ஒன்று தவறினாலும் எண்ணெய் கடலுக்கே போகும்.

தீவுகளின் மின்சாரமும் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களாலேயே பெறப்பட்டது. அந்த டீசலும் கடல்வழியே வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. கொண்டுவரும் எண்ணெய் குறையுமளவுக்குச் சிந்தும் எண்ணெயும் குறையும்.

7. செய்யத் தகாதவை

சவர்க்காரத் தூளைக் கொட்டி எண்ணெயைக் கரைக்க முயலாதீர்கள். 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டொரி கனியன் கப்பல் உடைந்து ஏறத்தாழ 1,19,000 தொன் எண்ணெய் சிந்தியபோது, கரையெங்கும் எண்ணெய்கரைக்கும் இரசாயனங்களைத் தெளித்தனர். பாறைகளிலிருந்த சிப்பிகளையும் நத்தைகளையும் எண்ணெயைவிட அந்த மருந்தே கூடுதலாகக் கொன்றது. கரைந்த எண்ணெய் மறைந்ததாகத் தோன்றும். உண்மையில் மேலிருந்து கீழிறங்கி, மீன் வாழும் இடத்துக்குப் போகிறது. நமது ஆழமற்ற நீரில் இது பெருங்கேடு.

எண்ணெயைக் கரையில் வைத்துக் கொளுத்தாதீர்கள். மணலுக்குட் புதைக்காதீர்கள். வெறுங்கையால் அள்ளாதீர்கள், தோலிலும் மூச்சிலும் ஏறும். கண்டற் சேற்றில் இறங்கி மிதித்தால் எண்ணெய் இன்னும் ஆழமாகச் செல்லும்.

எண்ணெய் தோய்ந்த பறவையை உடனே கழுவ முற்படாதீர்கள். களைத்த பறவை கழுவும் அதிர்ச்சியிலேயே இறக்கக்கூடும்.

8. செய்யத் தக்கவை

முதலாவது, அறிவிப்பது. எண்ணெயை எங்கே, எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில் கண்டீர்கள் என்று குறித்துக்கொண்டு கிராம அலுவலருக்கும் கடற்படையினருக்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் தெரிவியுங்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டத்தின்படி இக்கடமை அச்சபையைச் சார்ந்தது.

இரண்டாவது, எண்ணெயைப் பரவவிடாது தடுப்பது. 2020 ஆகஸ்டில் மொறீசியஸ் தீவில் வக்காஷியோ கப்பல் ஏறத்தாழ 1,000 தொன் எண்ணெயைச் சிந்தியபோது, அத்தீவு மக்கள் அரசின் உதவியை மாத்திரம் பார்த்திருக்கவில்லை. கரும்புச் சோகையையும் தலைமயிரையும் துணிக்குள் அடைத்து, வெறும் போத்தல்களைக் கட்டி மிதக்கவிட்டு, மைல் கணக்கில் தடுப்புச் செய்தனர். நமக்குக் கரும்பு இல்லாவிட்டாலும் வைக்கோலும் தும்பும் உண்டு. வாய்க்கால் வாயிலும் கண்டற்கரை வாயிலும் முதலில் தடுப்பது மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது, பறவையைக் காப்பது. துவாயால் மெல்லப் போர்த்தி, அலகை உங்கள் கண்ணுக்கு அருகே வராமற் பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் நிழலிலும் அமைதியிலும் வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பழகியவர்கள் அதற்கு முதலில் நீரும் உணவும் தந்து தெம்பேற்றி, பின்பே இளஞ்சூட்டு நீரில் கழுவுவார்கள். இம்முயற்சி வீணானதன்று. 2000 ஜூனில் தென்னாபிரிக்கக் கரையில் ட்ரெஷர் கப்பல் மூழ்கியபோது, எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்களை மக்கள் பிடித்துக் கழுவினர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின.

நான்காவது, கணக்கு வைத்திருப்பது. எண்ணெய்த்தாங்கிக் கப்பலிலிருந்து சிந்தினால், இலங்கை பங்காளியாகவுள்ள 1992ஆம் ஆண்டின் சர்வதேச இழப்பீட்டு நிதியத்திடம் மீனவரும் இழப்பீடு கோரலாம். கோருபவர் தம் நட்டத்தைக் காட்டவேண்டும். நல்ல நாளில் எத்தனை கிலோ பிடித்தோம் என்று எழுதாதவர் கெட்ட நாளில் எதை இழந்தோம் என்று எவ்வாறு காட்டுவார்? படகுப் பதிவும் நாளாந்தப் பிடிபாட்டுக் கொப்பியும் அந்நாளில் வலைக்கு நிகரான பெறுமதி பெறும்.

ஐந்தாவது, நாளாந்த ஒழுக்கம். கழிவெண்ணெய்க்கு மூடியுள்ள ஒரு கலன். எரிபொருள் நிரப்பப் புனல். படகடியில் எண்ணெயை உறிஞ்ச ஒரு பழந்துணி. மூன்றுக்கும் செலவு மிகச் சிறிது.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நிலத்துக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் போடலாம். கடலுக்கு வேலி போட முடியாது. அதிற் செல்லும் மனிதரின் கவனமே அதற்கு வேலி. பங்குனிப் பக்கம் கச்சதீவுத் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் படகுகள் கூடுகின்றன. ஆயிரக்கணக்கானோர் போய்வரும் அக்கடலில் அன்று ஒருவரும் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று இரு கரைச் சங்கங்களும் தீர்மானித்தால், ஏனைய நாட்களுக்கும் அது நல்ல தொடக்கமாகும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. உங்கள் துறையில் எத்தனை படகுகள் உள்ளன? கழிவெண்ணெய் இப்போது எங்கே போகிறது?

2. எண்ணெய் சிந்தியபின் செத்த மீனைக் காணாவிட்டாலும் கேடு நேர்ந்திருக்கலாம் என்பது ஏன்?

3. சோளகத்தில் எண்ணெய் வந்தால் உங்கள் ஊரில் முதலில் எந்தக் கரை பாதிப்புறும்? வாடையில் எந்தக் கரை?

4. உங்கள் கடற்றொழிலாளர் சங்கம் இறங்குதுறையில் ஒரு பீப்பா வைக்க என்ன தேவை? அதை யார் பொறுப்பேற்பார்?